எதிர்க்கட்சித் தலைவர் கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டுமா?

கேட்கப்பட்டது இது: "பிரிட்டனில் புதன்கிழமை ஆனால் எதிர்க்கட்சித் தலைவர் பிரதமரை நிற்க வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். நம் மக்களவையில் ஏன் அப்படி நடப்பதில்லை? அப்படியே கேட்டாலும் அமைச்சர்கள் மழுப்பிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பிறகு கேட்டுத்தான் என்ன பயன்?"

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. முதலாவதுக்குச் சுருக்கமான பதில், நம் மக்களவையின் கேள்வி நேரத்தில் எதிர்க்கட்சித் தலைவர் என்று தனியாக ஒரு ஆள் கிடையாது. அங்கே எல்லோரும் உறுப்பினர்கள், அவ்வளவுதான். முதல் முறை ஜெயித்து வந்தவருக்கும் எதிர்க்கட்சி முன்வரிசையில் உட்காரும் தலைவருக்கும் ஒரே விதி, ஒரே குலுக்கல். இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. மழுப்பலான பதிலுக்கும் ஒரு பயன் உண்டு, சில சமயம் நேரான பதிலைவிட அதிகமாகவே உண்டு என்பது என் எண்ணம். ஆனால் அது உடனே கண்ணுக்குத் தெரியாது.

முதலில் நம் ஊர் ஏற்பாட்டைப் பார்த்துவிடலாம். மக்களவையில் காலை 11 மணி முதல் 12 வரை கேள்வி நேரம். மாநிலங்களவையிலும் முன்பு அப்படித்தான். அமளியில் அது தினமும் அடிபட்டுப் போனதால் 2014 இறுதியில் பகல் 12 மணிக்கு மாற்றினார்கள். கேள்விகளில் இரண்டு வகை முக்கியம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன் மேல் துணைக் கேள்விகளும் கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வந்துவிடும், அதோடு சரி. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, மற்றவை 230. முதல் வகையைப் பச்சைத் தாளிலும் இரண்டாவதை வெள்ளைத் தாளிலும் அச்சிடுவது வழக்கம்.

கேள்வி கொடுப்பதற்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அமைச்சகங்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்து, வாரத்தின் ஐந்து நாளுக்கும் ஆளுக்கொரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். உள்துறையைக் கேட்க வேண்டிய நாளில் ரயில்வேயைக் கேட்க முடியாது. ஒரு உறுப்பினருக்கு ஒரு நாளில் ஐந்து கேள்விக்கு மேல் இல்லை, அதில் நட்சத்திரக் கேள்வி ஒன்றுதான். வந்த கேள்விகளைக் குலுக்கிப் போட்டு வரிசை எடுப்பார்கள். இவ்வளவும் தாண்டி 20 கேள்விகளுக்குள் பெயர் வந்தாலும் பத்தாவது பதினைந்தாவது இடத்தில் இருந்தால் அது அவையில் எழப்போவதில்லை. ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கேள்விகள் முடிந்தாலே பெரிது. மிச்சமெல்லாம் எழுத்துப் பதிலாக மேசையில் வைக்கப்பட்டுவிடும்.

இந்த 15 நாள்தான் முக்கியமான முடிச்சு. திங்கட்கிழமை ஒரு ஊழல் செய்தி வெடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கேள்வி நேரத்துக்கு வந்து சேர்வதற்குள் ஊரே வேறொரு சண்டைக்குப் போயிருக்கும். அவசரத்துக்கென்று குறுகிய அறிவிப்புக் கேள்வி என்று ஒன்று விதியில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல அமைச்சர் சம்மதிக்க வேண்டும். மாட்டிக்கொள்ளப் போகிற ஆளிடமே அனுமதி கேட்பதால், அது எத்தனை முறை கிடைக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கேள்வியை எப்படி எழுத வேண்டும் என்பதற்கும் கறாரான விதிகள் உண்டு. 150 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. வாதம் கூடாது, கிண்டல் கூடாது, குற்றச்சாட்டு கூடாது, அமைச்சரின் அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது, "ஒருவேளை இப்படி நடந்தால்" என்ற கற்பனையும் கூடாது. அதனால் நாடாளுமன்றக் கேள்விகளுக்கென்றே ஒரு நடை உருவாகிவிட்டது. எந்தத் தாளை எடுத்தாலும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும்: (அ) இன்ன விஷயம் அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா, (ஆ) ஆம் எனில், மாநிலவாரியாக அதன் விவரங்கள் என்ன, (இ) இது குறித்து அரசு எடுத்துள்ள நடவடிக்கைகள் என்ன, (ஈ) இல்லை எனில், அதற்கான காரணங்கள் என்ன? கேட்பவர் தொண்டை கிழியப் பேசும் எதிர்க்கட்சிக்காரராக இருந்தாலும் தாளில் அவர் குமாஸ்தா மாதிரிதான் பேசியாக வேண்டும். பதிலும் அதே நடையில் வரும். "(அ) முதல் (ஈ) வரை: அறிக்கை ஒன்று அவையின் மேசையில் வைக்கப்படுகிறது."

உயிர் இருப்பது துணைக் கேள்வியில்தான். கேள்வி கொடுத்தவருக்கு இரண்டு துணைக் கேள்விகள், அப்புறம் சபாநாயகர் யாரை அழைக்கிறாரோ அவர்கள். இவற்றுக்கு முன்னறிவிப்பு கிடையாது. அமைச்சர் கையில் தடியாக ஒரு கோப்பு இருக்கும். எந்தத் துணைக் கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வரலாம் என்று அதிகாரிகள் நாள்கணக்கில் உட்கார்ந்து ஊகித்து எழுதிய குறிப்புகள் அதில் இருக்கும். அதிகாரிகளும் அவர்களுக்கென்று ஒதுக்கிய மாடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், தேவைப்பட்டால் துண்டுச் சீட்டு இறங்கி வரும். நேரலையில் அமைச்சர் பதிலுக்கு நடுவே குனிந்து காகிதத்தைப் புரட்டினால், அவர் துறையை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார் என்பது அந்த நொடியில் புரிந்துவிடும். சில அமைச்சர்கள் காகிதமே இல்லாமல் புள்ளிவிவரம் சொல்வார்கள். சிலர் கேட்டதை விட்டுவிட்டுத் திட்டத்தின் பெருமையை வாசிப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் எதிர்க்கட்சித் தலைவர் எங்கே வருகிறார்? எழுதப்பட்ட விதியின்படி எங்கும் இல்லை. மரபுப்படி, அவர் எழுந்தால் சபாநாயகர் வாய்ப்புக் கொடுப்பார். கொடுக்கவில்லை என்றால் அதுவே ஒரு சண்டையாகும். அவருடைய பதவிக்குச் சட்டம் இருக்கிறது. 1977-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குக் கேபினட் அமைச்சருக்கு இணையான ஊதியத்தையும் அந்தஸ்தையும் தருகிறது. சிபிஐ இயக்குநர், லோக்பால், தலைமைத் தகவல் ஆணையர் ஆகியோரைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் அவருக்கு இடம் உண்டு. ஆனால் அதே சட்டத்தில், பிரதமரை இத்தனை கேள்வி கேட்கலாம் என்று ஒரு வரி கிடையாது.

அந்த நாற்காலியே பாதிக் காலம் காலியாகத்தான் இருந்திருக்கிறது. மக்களவையில் முதல் முதலாக அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் 1969-ல் வந்தார். காங்கிரஸ் உடைந்த பிறகு ஸ்தாபன காங்கிரஸைச் சேர்ந்த ராம் சுபக் சிங். (இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேறொரு இடத்தில் வரும்.) 1980 முதல் 1989 வரை யாரும் இல்லை. 2014 முதல் 2024 வரையும் யாரும் இல்லை. அவையின் மொத்த பலத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால்தான் அங்கீகாரம் என்ற பழைய வழக்கம்தான் காரணம். மக்களவைக்கு அது 55 பேர். காங்கிரஸுக்கு 2014-ல் கிடைத்தது 44, 2019-ல் 52. வேடிக்கை என்னவென்றால், 1977 சட்டத்தில் இந்தப் பத்து சதவீதம் எங்கும் சொல்லப்படவில்லை. பெரிய எதிர்க்கட்சியின் தலைவர், சபாநாயகரால் அங்கீகரிக்கப்பட்டவர் என்று மட்டுமே இருக்கிறது. 2024 ஜூனில் ராகுல் காந்தி அந்த இடத்துக்கு வந்தபோது பத்தாண்டு இடைவெளி முடிந்தது.

இனி பிரிட்டன். அங்கே பிரதமர் கேள்வி நேரம் நிலையான ஏற்பாடாக 1961-ல் வந்தது. செவ்வாய், வியாழன் என வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். 1997-ல் டோனி பிளேர் வந்ததும் இரண்டையும் சேர்த்துப் புதன்கிழமை அரை மணி நேரமாக்கினார். எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்விகள், குலுக்கல் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. மற்ற உறுப்பினர்களுக்குக் குலுக்கல் உண்டு. ஆனால் தாளில் அவர்கள் கொடுக்கும் கேள்வி "பிரதமரின் இன்றைய அலுவல்கள் என்ன?" என்பதுதான். பிரதமர் ஒருமுறை அதற்குச் சடங்காகப் பதில் சொல்லிவிடுவார். அதன் பிறகு துணைக் கேள்வி என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். விதியை மீறாமல் விதியைத் தாண்டுகிற தந்திரம், ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

நம் ஏற்பாட்டில் பிரதமரைப் பிரதமராகக் கேட்க வழியில்லை என்பதுதான் பெரிய வித்தியாசம். அவர் பொறுப்பில் இருக்கும் துறைகளைப் பற்றிக் கேட்கலாம். பணியாளர் நலன், அணுசக்தி, விண்வெளி இப்படி. அதற்கும் பெரும்பாலும் இணையமைச்சர்தான் எழுந்து பதில் சொல்வார். விலைவாசி என்றால் நிதி அல்லது உணவு அமைச்சர், எல்லை என்றால் பாதுகாப்பு அமைச்சர். மொத்த அரசுக்கும் தலைவராக இருப்பவரை மொத்த அரசுக்காகவும் கேட்கும் நேரம் என்று நம்மிடம் ஒன்று இல்லை. எந்தக் கட்சி ஆட்சியிலிருந்தாலும் இதை மாற்ற அவசரம் காட்டியதில்லை. ஏன் காட்டப்போகிறார்கள்?

சரி, பிரிட்டன் முறை அவ்வளவு உசத்தியா என்றால், பாதி நாள் அது வெறும் கூச்சல். ஆறு கேள்வியில் நான்கு கேள்வி மாலைச் செய்திக்கான வசனம். பிரதமரின் பதிலும் எதிர்க்கட்சியைக் குத்திக்காட்டும் வசனம். 2015-ல் ஜெரமி கார்பின் எதிர்க்கட்சித் தலைவரானதும் இந்தக் கச்சேரி வேண்டாம் என்று சொல்லி, பொதுமக்கள் மின்னஞ்சலில் அனுப்பிய கேள்விகளை வாசித்தார். முதல் நாள் அவை அமைதியாக இருந்தது. ஆனால் ஒரு கேள்விக்கு வந்த பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியில் இறுக்குவதை அந்த முறை விட்டுவிட்டது. கேள்விகள் நல்ல கேள்விகள்தான். பிரதமருக்குத்தான் எந்த ஆபத்தும் இல்லாமல் போனது.

ஆபத்து எங்கே வரும் என்பதற்கு நல்ல உதாரணம் 2021 டிசம்பர் 1. பிரதமர் போரிஸ் ஜான்சன், எதிர்க்கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மர். முந்தைய ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது பிரதமர் அலுவலகத்தில் விருந்துகள் நடந்ததாக டெய்லி மிரர் பத்திரிகை எழுதியிருந்தது. ஸ்டார்மர் முன்பு அரசுத் தரப்பு வழக்குத் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், குறுக்கு விசாரணை அவருக்குப் பழக்கமான வேலை. நீளமாகப் பேசவில்லை. கோடிக்கணக்கான மக்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது டிசம்பர் 18 அன்று பிரதமர் அலுவலகத்தில் பல பேர் கூடிய கிறிஸ்துமஸ் விருந்து நடந்ததா, இல்லையா என்று கேட்டார்.

அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஜான்சன் சொல்லவில்லை. பிரதமர் அலுவலகத்தில் வழிகாட்டு நெறிகள் எல்லாம் முழுமையாகப் பின்பற்றப்பட்டன என்றார். அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு, வழக்கம்போல மழுப்பிவிட்டார் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் நழுவுவதற்காக அவர் பிடித்த அந்த வாக்கியம் சரிபார்க்கக்கூடிய வாக்கியம். ஒரு வாரம் கழித்து விருந்து எதுவும் நடக்கவில்லை, விதிகள் மீறப்படவில்லை என்று தன்னிடம் திரும்பத் திரும்ப உறுதி சொல்லப்பட்டதாகச் சொன்னார். அதே நாளில் இன்னொரு தொழிற்கட்சி உறுப்பினர், நவம்பர் 13 அன்று விருந்து நடந்ததா என்று ஒரே வரியில் கேட்டார். இல்லை என்றும், என்ன நடந்திருந்தாலும் விதிகள் எப்போதும் பின்பற்றப்பட்டன என்றும் பதில் வந்தது. எல்லாம் அவைக் குறிப்பில் ஏறியது.

அடுத்த மாதம், 2022 ஜனவரி 26 அன்று, ஸ்டார்மர் அமைச்சர்களுக்கான நடத்தை விதியைக் கையில் எடுத்தார். தெரிந்தே நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்தும் அமைச்சர் பதவி விலக வேண்டும் என்று அது சொல்கிறது, இந்த விதி பிரதமருக்கும் பொருந்துமா என்று கேட்டார். பொருந்தும் என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல வழியில்லை. ஜான்சன் ஒத்துக்கொண்டார். அப்படியென்றால் ராஜினாமா செய்வாரா என்பது அடுத்த கேள்வி. இல்லை என்றார். அன்று அவர் விழவில்லை. ஆனால் தன்னை எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்லியாகிவிட்டது.

பிறகு நடந்தது தெரிந்த கதை. லண்டன் காவல்துறை 83 பேருக்கு 126 அபராதங்கள் விதித்தது, அதில் ஒன்று பிரதமருக்கு. 2022-ல் அவர் பதவி போனதற்கு வேறு காரணங்களும் சேர்ந்தன. ஆனால் அவையின் உரிமைக் குழு விசாரித்தது ஒரே ஒரு விஷயத்தை: அவையில் அவர் சொன்ன பதில்கள் உண்மையா? குழுவில் பெரும்பான்மை அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். 2023 ஜூனில் வந்த அறிக்கை, அவர் வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்றது. அதற்குச் சில நாள் முன்பே அவர் உறுப்பினர் பதவியை விட்டிருந்தார். இல்லையென்றால் 90 நாள் இடைநீக்கம் செய்யப் பரிந்துரைத்திருப்போம் என்று குழு எழுதியது. அவை அந்த அறிக்கையை 354-க்கு 7 என்ற கணக்கில் ஏற்றது.

ஆகவே கேட்டு என்ன பயன் என்பதற்கு என் பதில் இது. கேள்வியின் வேலை, அமைச்சரை ஒரு வாக்கியத்தோடு கட்டிப்போடுவது. உண்மையை அந்த நிமிஷமே வரவழைப்பது அபூர்வம். மேடையில் சொன்னதை, பேட்டியில் சொன்னதை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று மாற்றிக்கொள்ளலாம். அவையில் சொன்னதற்கு ஆதாரம் அச்சில் இருக்கும். இந்தியாவிலும் வேண்டுமென்றே அவையில் பொய் சொல்வது உரிமை மீறல்தான். அமைச்சரின் கூற்றில் தவறு இருந்தால் அதைச் சுட்டிக்காட்ட சபாநாயகரின் 115-வது வழிகாட்டுதல் என்று ஒரு வழி இருக்கிறது. அதனால்தான் அமைச்சர்களே சில சமயம் முன்வந்து, சென்ற கூட்டத்தொடரில் தந்த பதிலில் திருத்தம் என்று அறிக்கை வைப்பார்கள்.

நம் வரலாற்றில் இதற்குப் பெரிய சாட்சி 1957. எல்ஐசி பிறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை அது ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு வாங்கியது. அந்தக் காலத்தில் அது பெரும் பணம். செப்டம்பரில் மக்களவையில் கேள்வி எழுந்தது. கேட்டவர்களில் ஒருவர் அதே ராம் சுபக் சிங், அப்போது அவர் ஆளுங்கட்சியான காங்கிரஸ் உறுப்பினர். வந்தது பிடிகொடுக்காத பதில். நவம்பர் இறுதியில் மறுபடி கேள்வி வந்தது. இந்தத் தடவை பதில் சொன்னவர் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் சென்னைக்காரர். அந்தப் பதில்களில் விழுந்த ஓட்டைகளை எல்லாம் கோத்து டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி பேசிய பேச்சுதான் விவகாரத்தை உடைத்தது. அவரும் காங்கிரஸ்காரர், அதற்கு மேல் பிரதமர் நேருவின் மருமகன்.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஆணையம் அமைந்தது. விசாரணை பொதுமக்கள் முன்னால் நடந்தது, உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். பங்கு வாங்க முடிவெடுத்தது அதிகாரிகள், எனக்குத் தெரியாது என்ற தரப்பு எடுபடவில்லை. துறையில் நடந்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா சொன்னார். 1958 பிப்ரவரியில் டிடிகே ராஜினாமா செய்தார். நான்கு வருடம் கழித்து மீண்டும் அமைச்சரவைக்கு வந்து, அப்புறம் நிதியமைச்சரும் ஆனார் என்பது தனிக்கதை. அன்று அடிபட்ட நிதித்துறைச் செயலாளர் எச்.எம். படேல் 1977-ல் ஜனதா ஆட்சியில் நிதியமைச்சர் ஆனது அதைவிடச் சுவையான கதை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அன்று எதிர்க்கட்சித் தலைவர் என்று யாருமே இல்லை. கேட்டவர்கள் ஆளுங்கட்சியின் பின்வரிசைக்காரர்கள். இன்று கட்சித் தாவல் தடைச் சட்டம் கட்சி மாறுவதையும் வாக்களிப்பையும்தான் கட்டுப்படுத்துகிறது, கேள்வி கேட்பதை அல்ல. ஆனாலும் சொந்த அமைச்சரைத் துருவிக் கேட்கும் ஆளுங்கட்சி உறுப்பினரை எந்த அவையிலும் விளக்கு வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. "மாண்புமிகு அமைச்சரின் சிறப்பான முயற்சிகளைப் பாராட்டி" என்று ஆரம்பிக்கும் துணைக் கேள்வியைக் கேட்டாலே, அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். துருவும் வேலை முழுவதும் எதிர்க்கட்சியின் தலையில் விழுந்துவிட்டது.

மழுப்பலுக்கு வருகிறேன். பதில் சொல்லியே ஆக வேண்டுமா என்றால், சட்டப்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பொதுநலன் கருதி வெளியிட இயலாது என்று அமைச்சர் சொல்லிவிட்டால் சபாநாயகரும் ஒன்றும் செய்ய மாட்டார். ஆனால் பதிலின்மையிலேயே விஷயம் இருக்கும். 2020 செப்டம்பரில், ஊரடங்கின்போது சொந்த ஊருக்கு நடந்தே போன புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எழுத்தில் ஒரு கேள்வி வந்தது. அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் தந்தது. இழப்பீடு வழங்கப்பட்டதா என்ற அடுத்த பகுதிக்கு, மேற்சொன்னதைக் கருத்தில் கொண்டு இக்கேள்வி எழவில்லை என்று பதில். அரசு எண்ணவே இல்லை என்பதை எந்த எதிர்க்கட்சிப் பேச்சும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

2021 ஜூலையில் மாநிலங்களவையில் இன்னொன்று. இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது கேள்வி. சுகாதாரம் மாநிலப் பொருள், ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்று மத்திய அரசு பதில் தந்தது. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால் பதிலில் தவறு பிடிப்பது கஷ்டம். "குறிப்பிட்டு" என்ற சொல்லும் "மாநிலங்கள்" என்ற சொல்லும் அந்தப் பாரம் முழுவதையும் தூக்கி நிற்கின்றன. ஆனால் அது மறுநாள் நாடெங்கும் தலைப்புச் செய்தியானது, அதற்குப் பிறகுதான் மத்திய அரசு மாநிலங்களிடம் அந்தக் கணக்கைத் தனியாகக் கேட்டது.

"பரிசீலனையில் உள்ளது", "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது", "நான் கவனிக்கிறேன்" ஆகிய மூன்றும் தப்பிக்கும் பதில்கள் போலத்தான் கேட்கும். ஆனால் விதிப்படி இவை உறுதிமொழிகள். இதற்கென்றே மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. அமைச்சர் இப்படி ஏதாவது சொல்லிவிட்டால் அந்தக் குழு அதைக் குறித்துக்கொள்ளும், மூன்று மாதத்துக்குள் அரசு அதை நிறைவேற்றிப் பதில் வைக்க வேண்டும். பல உறுதிமொழிகள் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும், சிலவற்றைக் கைவிட அனுமதி கேட்டு அமைச்சகங்கள் மனுப் போடும். அது உண்மைதான். என்றாலும், விவரமான எதிர்க்கட்சித் தலைவராக இருந்தால் இந்தப் பட்டியலைத் தன் அலுவலகத்தில் ஒருவரைப் போட்டுத் தொடர்ந்து பார்க்கச் சொல்வார். புதுக் கேள்வி நூறு கொடுப்பதைவிட, பழைய பதில் ஒன்றை எடுத்து "இது என்னாயிற்று?" என்று கேட்பது அமைச்சருக்கு அதிக வியர்வை தரும்.

எதிர்க்கட்சிகள் பக்கமும் குறை நிறைய இருக்கிறது. 2009 நவம்பர் 30 அன்று நட்சத்திரக் கேள்வி கொடுத்த உறுப்பினர்கள் பலரும் அவைக்கே வராததால் மக்களவையில் கேள்வி நேரம் பாதியில் தீர்ந்துபோனது. வெட்கக்கேடு என்று எல்லோரும் சொன்ன பிறகு, கேட்டவர் வராவிட்டாலும் அமைச்சர் பதில் சொல்லலாம் என்று நடைமுறையை மாற்றினார்கள். 2005 டிசம்பரில் கேள்வி கேட்கக் காசு வாங்கிய 11 உறுப்பினர்களை இரு அவைகளும் வெளியேற்றின. அதில் பாரதிய ஜனதா, காங்கிரஸ் இரண்டின் ஆட்களும் இருந்தார்கள். அப்புறம் அமளி. 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கேட்டு நடந்த முழக்கத்தில் கிட்டத்தட்ட முழுதாகப் போனது. அப்போது எதிர்க்கட்சி பாரதிய ஜனதா, இன்று அதே காட்சியில் காங்கிரஸ். அவை முடங்கும்போது முதலில் பலியாவது 11 மணிக்கு வரும் கேள்வி நேரம். மசோதாக்கள் கூச்சலுக்கு நடுவிலும் நிறைவேறிவிடும், துணைக் கேள்வியைக் கூச்சலுக்கு நடுவில் கேட்க முடியாது. அமளியால் தப்பிப்பது பெரும்பாலும் அமைச்சர்தான். தொலைக்காட்சியில் பதாகை தெரிந்ததோடு எதிர்க்கட்சிக்காரர் திருப்தியாகிவிடுகிறார்.

அரசே கேள்வி நேரத்தை எடுத்துவிட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. 1962 சீனப் போரின்போது, நெருக்கடி நிலைக் காலத்தில், பிறகு 2020 மழைக்காலத் தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டி. அந்தத் தொடரில் எழுத்துக் கேள்விகள் மட்டும் இருந்தன. மேலே சொன்ன தொழிலாளர் மரணப் பதில் அப்போது வந்ததுதான். துணைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு இருந்திருந்தால், "ஏன் எண்ணவில்லை?" என்பது அடுத்து வந்திருக்கும். வரவில்லை.

அப்படியானால் நமக்கும் பிரதமர் கேள்வி நேரம் வேண்டுமா? வேண்டும் என்றே நினைக்கிறேன், ஆனால் லண்டன் முறையை அப்படியே கொண்டுவந்து நட வேண்டியதில்லை. அங்கே இரண்டு பெரிய கட்சிகளைச் சுற்றியே அவை இயங்கி வந்தது. நம் மக்களவையில் நாற்பது கட்சிகளுக்குப் பக்கம் இருக்கின்றன. ஆறு கேள்வியையும் ஒருவரிடம் கொடுத்தால் திமுகவுக்கும் திரிணமூலுக்கும் சமாஜ்வாதிக்கும் என்ன மிச்சம்?

இதில் நாம் பார்க்க வேண்டிய ஊர் இலங்கை. அங்கே நிலையியற் கட்டளை 27(2) என்று ஒன்று இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்களுக்கு இந்த எண் மனப்பாடமாக இருக்கும். எதிர்க்கட்சித் தலைவரும் எதிரணியில் உள்ள கட்சித் தலைவர்களும் அவசரமான பொது விஷயம் ஒன்றைப் பற்றி அமைச்சரிடம் விளக்கம் கேட்கலாம். குலுக்கல் இல்லை. அங்கே எதிர்க்கட்சித் தலைவரான சஜித் பிரேமதாச அதை விடாமல் பயன்படுத்தி வருகிறார். தமிழர்கள் அந்த நாற்காலியில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறார்கள். 1977 தேர்தலில் 168 பேர் கொண்ட அவையில் ஐக்கிய தேசியக் கட்சி 140 இடங்களை அள்ளிக்கொண்டு போக, 18 இடங்களோடு தமிழர் விடுதலைக் கூட்டணி இரண்டாவதாக வந்தது, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். நம் பத்து சதவீதக் கணக்குக்கு 18 பேர் அங்கே நூலிழையில்தான் தேறுவார்கள். 2015 முதல் 2018 வரை சம்பந்தன். அந்தப் பதவி தமிழர்களுக்கு என்ன பெற்றுத் தந்தது என்பது பெரிய விவாதம், அதற்குள் இப்போது போகவில்லை. ஆனால் கட்சித் தலைவர்களுக்குக் குலுக்கல் இல்லாத ஒரு கேள்வி உரிமை என்ற யோசனையை நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம், கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பங்கு, பிரதமரே பதில் சொல்ல வேண்டும் என்று மக்களவை நடைமுறை விதிகளில் சேர்த்தால் போதும். அரசியல் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

அதுவரை உங்கள் தொகுதி உறுப்பினர் என்ன கேட்கிறார் என்று நீங்களே பார்க்கலாம். நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் கேட்ட கேள்வியும் அமைச்சர் தந்த பதிலும் கோப்பாகக் கிடைக்கும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்நூறு கேள்வி கேட்டவர் என்ற பெருமையில், மாநிலவாரியாக விவரம் என்ன என்று ஒரே அச்சில் வார்த்தவை பாதிக்கு மேல் இருக்கலாம். ஒரு விஷயத்தை எடுத்து, இந்தக் கூட்டத்தொடரில் வந்த பதிலை வைத்து அடுத்ததில் கேட்டு, அதற்கு வந்த பதிலை வைத்து மறுபடி கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.